சின்ன மாமியே: ஒரு பிழைதிருத்தம்

பத்திரிகைத் தொழிலில் முப்பது ஆண்டுகளைக் கடந்தவனுக்குத் தான் விட்ட பிழைகள் எல்லாமே நினைவில் நிற்பதில்லை. ஒன்றிரண்டு மட்டும் விடாமல் கூடவே வரும். அப்படியொரு பிழையைப் பற்றியும், அதற்குக் காரணமான ஒரு பாட்டைப் பற்றியும் இன்று எழுத நினைக்கிறேன்.

2018 ஜனவரி 22ஆம் திகதி ஏ.ஈ. மனோகரன் சென்னையில் காலமானார். செய்தி எங்கள் ஆசிரிய பீடத்துக்கு வந்து சேர்ந்தபோது பக்கம் அச்சுக்குப் போக அதிக நேரம் இருக்கவில்லை. அவரை அறிந்த தலைமுறையைச் சேர்ந்தவன் என்பதால் அஞ்சலிக் குறிப்பை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. 'பொப் இசைச் சக்கரவர்த்தி' என்று இலங்கை இரசிகர்களும் 'சிலோன் மனோகர்' என்று தமிழகத்தவரும் அழைத்த கலைஞர். 'சுராங்கனி'யைத் தமிழர் வாழும் இடமெங்கும் கொண்டு சேர்த்தவர். பின்னாளில் திரைப்படங்களில் வில்லனாக நடித்தவர். இவ்வளவும் மனப்பாடம். நாற்பது நிமிடத்தில் எழுதி முடித்தேன். அதில் ஒரு வாக்கியம், 'சுராங்கனி, சின்ன மாமியே போன்ற பாடல்களை ஆக்கியளித்தவர்' என்று இருந்தது.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. முதிர்ந்த குரல்.

"தம்பி, மனோகரனைப் பற்றி எழுதினது நீங்கதானா?"

"ஓம் ஐயா."

"நல்லா எழுதியிருக்கிறீங்க. ஆனா ஒரு பிழை. 'சின்ன மாமியே'யை ஆர் ஆர் எல்லாமோ பாடியிருப்பாங்க. ஆக்கினது நித்தி கனகரத்தினம். அது ஹார்டியில பிறந்த பாட்டு."

"எந்த ஹார்டி ஐயா?"

"அம்பாறை ஹார்டிதான். மட்டக்களப்பான் எண்டு எழுதிக்கொள்றீங்க, இது தெரியாதா?"

தெரியாது. அதுதான் உண்மை. அந்தப் பெரியவர் ஹார்டி தொழில்நுட்ப நிறுவனத்தில் படித்து, அரசாங்கத் திணைக்களம் ஒன்றில் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நித்தியோடு ஒரே காலத்தில் படித்தவரல்லர். சில ஆண்டுகள் பிந்தி அங்கே போனவர். "நாங்க போறதுக்கு முந்தியே அந்தப் பாட்டு விடுதியில குடியிருந்தது" என்று சொல்லிச் சிரித்தார். மன்னிப்புக் கேட்டேன். இரண்டு நாள் கழித்து உட்பக்கம் ஒன்றின் அடியில் இரண்டு வரித் திருத்தம் வெளியானது. அதை எத்தனை பேர் படித்திருப்பார்கள் என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

*

நித்தி கனகரத்தினம் யாழ்ப்பாணத்து உரும்பிராயைச் சேர்ந்தவர். 1960களின் பிற்பகுதியில் அம்பாறை ஹார்டியில் மாணவராக இருந்தபோதே அவருடைய பாட்டு வாழ்க்கை தொடங்கிவிட்டது. 'சின்ன மாமியே' அந்தக் காலத்து ஆக்கம். அவருடைய மற்றொரு புகழ்பெற்ற பாடலான 'கள்ளுக்கடைப் பக்கம் போகாதே'யும் ஊரெல்லாம் ஒலித்தது. ஈழத்துத் தமிழ்ப் பொப் இசை என்று நாம் இன்று சொல்லும் வகைக்கு முன்னோடிகளில் முதலில் வைத்து எண்ணப்பட வேண்டியவர் அவர். பின்னர் அவுஸ்திரேலியாவில் குடியேறினார்.

பாட்டின் பொருள் மிக எளியது. மருமகன் ஒருவன் மாமி வீட்டுக்கு வந்து, மகள் எங்கே என்று கேட்கிறான். மாமி அவனை வரவேற்று, பள்ளிக்கூடம் போயிருக்கிறாள் என்கிறாள். அவனுக்குச் சந்தேகம். காலம் கெட்டுக் கிடக்கிறது, ஊர் சுற்றும் பொடியன்கள் கண்ணடிக்கிறார்கள் என்று மாமியை எச்சரிக்கிறான். கேட்பவன் வாயில் அக்கறை, மனத்தில் வேறு கணக்கு. மாமிக்கும் அது தெரியும். அவ்வளவுதான் கதை. ஒரே பாடகர் இருவராக மாறி மாறிப் பேச வேண்டிய நாடகம் அது.

அந்நாளில் வானொலியில் நாங்கள் கேட்ட தமிழ்ப் பாட்டு, பெரும்பாலும் இந்தியத் திரைப்படப் பாட்டு. இல்லையேல் கர்நாடக இசை. இரண்டிலும் நம்முடைய வீட்டுப் பேச்சு இல்லை. இலக்கியத்தில் பேச்சுத் தமிழைக் கையாளலாமா, அது 'இழிசனர் வழக்கு' அல்லவா என்று பண்டிதர்களும் முற்போக்கு எழுத்தாளர்களும் மோதிக்கொண்ட தசாப்தமும் அதுதான். கட்டுரைகளும் மேடைகளும் அந்த வழக்கை நடத்திக்கொண்டிருக்க, ஒரு தொழில்நுட்ப மாணவர் கிட்டார்த் தாளத்தில் தீர்ப்பை எழுதிவிட்டார். மாமியும் மருமகனும் வீட்டு முற்றத்தில் பேசுவதுபோலவே பாட்டில் பேசினார்கள். ஊர் அதை ஏற்றுக்கொண்டது.

*

அந்தத் தொலைபேசி அழைப்பு என்னை உலுக்கியதற்குப் பிழை மட்டும் காரணமன்று. 'அம்பாறை' என்ற சொல்தான் காரணம்.

எங்கள் ஊர் களுவாஞ்சிகுடி. மட்டக்களப்பு வாவி ஏறாவூர்ப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனைப் பக்கம்வரை ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளத்துக்குக் கிடக்கிறது. அதற்கும் கடலுக்கும் இடைப்பட்ட மணல் நிலத்தை எழுவான்கரை என்போம். வாவிக்கு மேற்கே வயலும் காடுமாக இருப்பது படுவான்கரை. எங்களுடையது எழுவான்கரை. வாவியின் தென்முனை தாண்டி உள்நாட்டுக்குள் போனால் அம்பாறை. 1961 வரை அதுவும் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஒரு பகுதியே.

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை தொடங்கப்பட்டது. நாங்கள் பட்டிப்பளை ஆறு என்று அழைத்த ஆற்றை இங்கினியாகலையில் மறித்து அணை கட்டினார்கள். சபையின் வேலைத்தலங்களில் தமிழர்கள் பலர் பணிபுரிந்தார்கள். என் தகப்பனாரின் மூத்த சகோதரர், எங்கள் பெரியப்பா, அங்கே வாகனங்கள் திருத்தும் பட்டறையில் வேலை செய்தார். 1956 ஜூனில் 'சிங்களம் மட்டும்' சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்த நாட்களில் கல்லோயாவில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். பலர் கொல்லப்பட்டார்கள். பெரியப்பா உடுத்த சாரத்தோடு வீடு வந்து சேர்ந்தார். எப்படி வந்தார், வழியில் என்ன கண்டார் என்பதை அவர் யாருக்கும் சொன்னதில்லை. களுவாஞ்சிகுடியில் ஒரு சைக்கிள் திருத்தும் கடை போட்டார். அதன்பின் கல்முனைக்கு அப்பால் அவர் பஸ் ஏறவில்லை. எங்கள் வீட்டில் அவர் இருக்கும்போது 'அம்பாறை' என்ற பெயரை எவரும் உச்சரிப்பதில்லை. அது எழுதாத சட்டம்.

அந்தப் பெரியப்பாவுக்கு மிகப் பிடித்த பாட்டு எது தெரியுமா? 'சின்ன மாமியே'தான்.

சைக்கிள் சில்லைத் தலைகீழாக நிறுத்திச் சுழலவிட்டுக் கம்பிகளை ஒவ்வொன்றாக முறுக்கிச் சரிபார்ப்பார். சில்லு சுழலும்போது பல்லிடுக்கால் அந்தப் பாட்டைச் சீட்டியடிப்பார். கடைக்கு வரும் இளைஞர்கள், "என்ன பெரியப்பா, மாமிட மகள் இன்னும் பள்ளியால வரல்லையா?" என்று கேலி செய்வார்கள். கடுகடுத்த முகமுள்ள அந்த மனிதர் அப்போது மட்டும் சிரிப்பார். நான் சிறுவனாக அந்தக் கடை வாசலில் உட்கார்ந்திருந்த மாலைகளின் பின்னணி இசையே அந்தச் சீட்டிதான்.

அந்தப் பாட்டு எந்த ஊரில் பிறந்தது என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. தான் ஓடிவந்த ஊரிலிருந்து, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, ஒரு தமிழ் மாணவர் அனுப்பிய பாட்டை அவர் வாழ்நாள் முழுவதும் சீட்டியடித்துக்கொண்டிருந்தார். 2018இல் நான் இதை அறிந்துகொண்டபோது அவர் இறந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. உயிரோடு இருந்தால் சொல்லியிருப்பேனா? பல இரவுகள் யோசித்திருக்கிறேன். சொல்லியிருக்க மாட்டேன் என்றே நினைக்கிறேன். சொன்னால் அவருக்கு அந்த ஊர் கொஞ்சமேனும் திரும்பக் கிடைத்திருக்குமா, அல்லது அந்தப் பாட்டும் கையைவிட்டுப் போயிருக்குமா? இரண்டாவது நடந்திருந்தால் என்னால் தாங்கிக்கொள்ள முடியாது.

*

பாட்டின் சொல் தமிழ். தாளம் எங்கிருந்து வந்தது? இதற்கான விடையை எனக்கு ஒன்பது வயதிலேயே ஒருவர் சொல்லிவிட்டார். அதன் மதிப்பு புரிய எனக்கு நாற்பது ஆண்டுகள் பிடித்தன.

1978 நவம்பர் 23ஆம் திகதி இரவு சூறாவளி மட்டக்களப்பைப் புரட்டிப்போட்டது. தென்னைகள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. கூரையுள்ள வீடு அரிதாயிற்று. அடுத்த மாதங்களில் தச்சுத் தொழிலாளர்களைத் தேடிப் பிடிப்பதே பெரும்பாடு. என் தகப்பனார் மட்டக்களப்பு நகரத்திலிருந்து ஒரு பறங்கித் தச்சரை அழைத்துவந்தார். டச்பாரில் வீடு. நாங்கள் 'அங்கிள்' என்போம். பத்து நாட்கள் எங்கள் வீட்டில் தங்கிக் கைமரங்களையும் யன்னல்களையும் சரிசெய்தார். எங்களோடு பேசும்போது எங்கள் தமிழ். தன்னோடு வந்த மகனோடு பேசும்போது வேறொரு மொழி. அது போர்த்துக்கீசம் என்று தகப்பனார் சொன்னார்.

பிற்பகலில் வேலை ஓய்ந்ததும் அவர் வயலினை எடுப்பார். ஒரு நாள் அவர் வாசித்த துள்ளல் மெட்டைக் கேட்டு நான் துள்ளிக்கொண்டு ஓடிப்போய், "அங்கிள், இது 'சின்ன மாமியே' மாதிரியே இருக்கு!" என்றேன்.

அவர் வில்லை நிறுத்தி என்னைப் பார்த்தார். "இல்ல மனே. சின்ன மாமிதான் இது மாதிரி."

வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அது நகைச்சுவை என்று நானும் சிரித்தேன். வரலாறு என்பது பிறகுதான் தெரிந்தது.

போர்த்துக்கீசர் மட்டக்களப்பில் 1628இல் கோட்டை கட்டினார்கள். பத்தே ஆண்டில், 1638இல், அதை ஒல்லாந்தரிடம் இழந்தார்கள். ஆட்சி போனாலும் மொழி போகவில்லை. மட்டக்களப்புப் பறங்கியர் சமூகத்தில் போர்த்துக்கீசக் கிரியோல் மொழி இந்த நூற்றாண்டுவரை உயிரோடு வந்திருக்கிறது. தச்சு, கொல்லு, அச்சு, தையல் என்று கைத்தொழில்களில் சிறந்த சமூகம் அது. அவர்களது திருமணங்களில் வயலின், மண்டலின், கிட்டார் இசைக்க, இணை இணையாக நின்று ஆடும் ஆட்டம் கபிரிஞ்ஞா. பெயரிலேயே 'காப்பிரி' இருக்கிறது. போர்த்துக்கீசர் காலத்தில் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்க மக்களின் தாளமும் இந்த ஆட்டத்தில் கலந்திருக்கிறது என்பதற்கு அது சாட்சி. ஆறு எட்டுத் தாளத்தில், நிற்பவர் காலையும் சும்மா விடாத நடை. அமெரிக்க ஆய்வாளர் கே. டேவிட் ஜாக்சன் இலங்கையின் இந்தோ-போர்த்துக்கீச வாய்மொழிப் பாடல்களைத் திரட்டி ஆராய்ந்து 1990இல் ஒரு நூலாகவே வெளியிட்டார். மிக அண்மையில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மொழியியலாளர் ஹியூகோ கார்டோசோவும் அவரது குழுவினரும் மட்டக்களப்புக்கு வந்து இந்த மொழியை ஒலி, ஒளிப்பதிவுகளாகச் சேகரித்திருக்கிறார்கள்.

கபிரிஞ்ஞாவின் நெருங்கிய உறவுதான் பைலா. போர்த்துக்கீசத்தில் ஆடுதல் என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து வந்த பெயர். தெற்கிலும் மேற்கிலும் கரையோரச் சிங்கள மக்கள் அதைத் தமதாக்கிக்கொண்டார்கள். பொலிஸ் உத்தியோகத்தராக இருந்த வொலி பஸ்டியன், 1940களிலிருந்து சிங்களத்தில் பைலாப் பாடல்களைப் பாடி அதை நவீன மேடை இசையாக்கினார். சிங்கள இளைஞர்கள் கூடும் இடமெல்லாம், விடுதியோ, சுற்றுலா பஸ்ஸோ, அங்கெல்லாம் பைலா ஒலித்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் மாணவர்கள் வந்து படித்த ஹார்டியும் அதற்கு விலக்காக இருந்திருக்க முடியாது. அந்தத் தாளத்தில்தான் உரும்பிராய் இளைஞர் தமிழை ஏற்றினார்.

பாதையைப் பாருங்கள். ஆபிரிக்காவும் போர்த்துக்கலும் கலந்து கடல் வழியாக வந்த தாளம் ஒன்று பறங்கியரின் வயலினில் தங்குகிறது. சிங்களக் கரையோரம் அதைப் பைலாவாக்குகிறது. தமிழர்கள் துரத்தப்பட்ட ஒரு நகரத்தில், ஒரு தமிழ் மாணவர் அதே தாளத்தில் யாழ்ப்பாணத்துப் பேச்சுத் தமிழை வைக்கிறார். களுவாஞ்சிகுடியில் ஒரு சைக்கிள் கடைக்காரர் அதைச் சீட்டியடிக்கிறார். இத்தனை எல்லைகளையும் அந்தப் பாட்டு கடந்து வந்தது. அந்த எல்லைகளைக் கடக்க முயன்ற மனிதர்களுக்கு நேர்ந்ததோ வேறு.

*

இனி அதன் வெற்றியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

மேலைநாட்டில் ஒரு பாட்டின் வெற்றியை இசைத்தட்டு விற்பனையால் அளப்பார்கள். பீட்டில்ஸ் குழுவினரின் முதல் தனி இசைத்தட்டான 'லவ் மீ டூ' 1962இல் பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் 17ஆம் இடம்வரை ஏறியது. அந்தப் பதினேழாம் இடம்கூட ஆவணமாகி, அறுபது ஆண்டுகள் கழித்து என்னைப் போன்ற ஒருவனுக்கும் தெரிகிறது. எங்கள் பாட்டுக்கு அப்படியொரு பட்டியல் இருந்ததில்லை. அது விடுதியிலிருந்து விடுமுறைக்கு வீடு போன மாணவர்களோடு பஸ் ஏறி ஊர் ஊராகப் பரவியது. பின்னர் இலங்கை வானொலி அதைத் தூக்கிச் சென்றது.

இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை அன்று எப்படிப்பட்ட வல்லமை கொண்டிருந்தது என்பதை இன்றைய இளைஞர்களுக்கு விளக்குவது கடினம். தமிழகத்தின் கரையோர ஊர்களிலும் உள்ளூர்களிலும் காலை எழுந்ததும் திருப்பும் நிலையம் அதுதான். 'பொங்கும் பூம்புனல்' கேட்டு விடிந்த வீடுகள் பாக்கு நீரிணையின் இரு கரைகளிலும் இருந்தன. தமிழகத்துத் திரைப்பாட்டை நாம் கேட்டு மகிழ்ந்த காலத்திலேயே, நம்முடைய பொப் பாட்டுகள் எதிர்த்திசையில் கடல் கடந்தன. 1977இல் வெளியான 'அவர் எனக்கே சொந்தம்' திரைப்படத்தில் இளையராஜாவின் இசையில் மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் 'சுராங்கனி'யைப் பாடினார்கள். சிங்களமும் தமிழும் கலந்த, மீன் வாங்கிவந்த செய்தி சொல்லும் ஒரு கரையோரப் பாட்டு, கோடம்பாக்கம் போய்ச் சேர்ந்தது. அந்தத் திசையில் பயணம் செய்த பாட்டுகள் எத்தனை என்று எண்ணிப்பார்த்தால் அதன் அருமை விளங்கும்.

மனோகரனின் புகழ் அவ்வளவு பெரியது. ஆகையால்தான், இலங்கைத் தமிழ்த் துள்ளலிசை எதுவாயினும் அவர் பெயரில் எழுதிவிடும் பழக்கம் பலருக்கும் ஏற்பட்டது. அவர் செய்த சாதனைக்கு மற்றவருடைய பாட்டு தேவையில்லை. நானும் அந்தப் பழக்கத்தின் அடிமை. சரிபார்க்கும் தொழிலில் இருந்துகொண்டு சரிபார்க்காமல் விட்டவன்.

எழுவான்கரையில் இந்தப் பாட்டு வேரோடியதற்கு இன்னொரு காரணமும் உண்டு என்பது என் எண்ணம். பாட்டின் தமிழ் யாழ்ப்பாணத்தது. எங்கள் பேச்சு வேறு. ஆயினும் அந்த மாமி எங்கள் மாமி. மட்டக்களப்பில் குடி தாய்வழியாக வருவது. திருமணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவான். வீடு பெண்ணுக்கு உரியது. மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் அருகே வேறொரு கூரைக்கு ஒதுங்குவதும் வழக்கம். ஆகவே மாமியின் வாசலில் நின்று மகளைப் பற்றிக் கேட்பவன், நாளை தான் வாழப்போகும் வீட்டின் வாசலில் நிற்கிறான். உரிமையும் அச்சமும் ஒன்றாகக் கலந்த நிலை அது. என் தகப்பனாரும் பெரியப்பாவும் அப்படித்தான் ஒரு மாமியின் வாசலில் நின்றவர்கள். பாட்டைக் கேட்டு எங்கள் ஊர்ப் பெண்கள் ஆண்களைவிட அதிகம் சிரித்ததன் காரணம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

*

2004 டிசம்பர் 26க்குப் பிறகு மட்டக்களப்புக்குச் செய்தி சேகரிக்கப் போனேன். கல்லடிப் பாலத்தைக் கடந்து நாவலடி, டச்பார் பக்கம் நடந்தேன். பறங்கியர் குடும்பங்கள் பலவற்றைக் கடல் கொண்டுபோயிருந்தது. எங்கள் வீட்டுக் கூரையை மேய்ந்த அங்கிள் அதற்கு முன்பே காலமாகிவிட்டார் என்பது எனக்குத் தெரியும். அவருடைய வீட்டைத் தேடினேன். அடித்தளமும் இரண்டு படிகளும் இருந்தன. அயலவர் ஒருவர், மகன் குடும்பத்தோடு நகரத்துக்குள் உறவினர் வீட்டில் இருப்பதாகச் சொன்னார். வயலினைப் பற்றிக் கேட்க வாய் வந்தது. இறந்தவர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டிருந்த மனிதரிடம் ஒரு வயலினைப் பற்றி எப்படிக் கேட்பது? கேட்காமலே திரும்பினேன்.

கல்லடிப் பாலத்தின் கீழே மீன் பாடும் என்பது உலகறிந்த செய்தி. நிலவுக் காலத்தில் தோணியில் போய், துடுப்பின் ஒரு நுனியை நீரில் விட்டு மறுநுனியைக் காதில் வைத்தால் அந்த ஒலி கேட்கும் என்பார்கள். பாடுவது எந்த உயிர் என்பதில் இன்றும் விவாதம் உண்டு. வாவிக்கு அது அழகுதான். ஆனால் மனிதர் ஆக்கிய பாட்டுக்கு அந்த மர்மம் வேண்டியதில்லை. ஆக்கியவர் இருக்கிறார், பெயர் இருக்கிறது, ஊர் இருக்கிறது. அதைச் சரியாக எழுதிவைப்பது எங்களைப் போன்றவர்களின் வேலை.

2019இல் ரொறொன்ரோவில் மருமகள் ஒருத்தியின் திருமண வரவேற்பு. இரவு பதினொரு மணிக்குமேல் 'சின்ன மாமியே' ஒலித்தது. தமிழ் சரியாகப் பேச வராத பிள்ளைகள்கூட எழுந்து ஆடினார்கள். அறுபது வயதுப் பெண்கள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவர்களோடு சேர்ந்தார்கள். என் மேசையிலிருந்த நண்பர், "சிலோன் மனோகர் பாட்டுக்கு ஈடு இல்லை" என்றார். ஒரு வருடத்துக்கு முன்னர் என்றால் நானும் தலையாட்டியிருப்பேன். இம்முறை கதிரையை நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு, அம்பாறையிலிருந்து தொடங்கினேன். அவர் ஆடப் போயிருக்க வேண்டியவர். பாவம், முழுவதையும் கேட்டார்.

பத்திரிகையில் அன்று கிடைத்த இடம் இரண்டு வரி. இங்கே இடத்துக்குப் பஞ்சமில்லை. அன்று நான் எழுதியிருக்க வேண்டிய திருத்தம் இது:

*'சின்ன மாமியே' பாடலை ஆக்கியவர் ஏ.ஈ. மனோகரன் என்று எழுதியது தவறு. அதை ஆக்கிப் பாடியவர் உரும்பிராயைச் சேர்ந்த நித்தி கனகரத்தினம். பாடல் பிறந்த இடம் அம்பாறை. அதன் தாளத்தைப் பல தலைமுறைகளாகக் காத்துவந்தவர்களில் மட்டக்களப்புப் பறங்கியரும் அடங்குவர். களுவாஞ்சிகுடியில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவர் அதை இறுதிவரை சீட்டியடித்தார். தவறுக்கு வருந்துகிறேன்.*